பிறந்தவுடன் போடப்படாத ஊசி: நாஷ்வில் நகரில் 2013இல் நான்கு குழந்தைகளுக்கு ஏற்பட்ட வைட்டமின் கே குறைபாட்டு இரத்தப்போக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றில், 2013 பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே நான்கு கைக்குழந்தைகளுக்கு ஒரே நோய் உறுதிசெய்யப்பட்டது. நால்வரும் 6 வாரம் முதல் 15 வாரம் வரையான வயதினர். மூவருக்கு மண்டையோட்டுக்குள் பரவலான இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. நான்காவது குழந்தைக்கு உணவுப்பாதையில் இரத்தம் கசிந்தது. பிறந்தவுடன் போடப்படும் வைட்டமின் கே ஊசி நால்வரில் ஒருவருக்கும் போடப்பட்டிருக்கவில்லை. பெற்றோர் அதை வேண்டாமென்று மறுத்திருந்தார்கள்.

தமிழில் வைட்டமின் கே பற்றிய பேச்சு பெரும்பாலும் கீரைகளின் பட்டியலோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை அதில் பெரிய குறையில்லை. ஆனால் இந்தச் சத்தின் குறைபாடு உயிரைப் பறிப்பது பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளிடத்தில்தான், அவர்களுக்குக் கீரைப் பட்டியலால் பயன் ஏதுமில்லை. நாஷ்வில்லில் நடந்தது முறையாக விசாரிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரிலேயே பொதுவெளியில் பதிவுசெய்யப்பட்ட நிகழ்வு என்பதால், குறைபாடு எப்படி உண்டாகிறது, எப்படிக் கண்டறியப்படுகிறது, எந்த இடத்தில் அதைத் தடுத்திருக்கலாம் என்பதை அதன் வழியே படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

பின்னணி: புதிதாகப் பிறந்த குழந்தையிடம் இந்தச் சத்து ஏன் குறைவாக இருக்கிறது

இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் நான்கு, அதாவது 2, 7, 9, 10 என எண்ணிடப்பட்ட உறைகாரணிகள், கல்லீரலில் முழுமை பெறுவதற்கு வைட்டமின் கே இருந்தாக வேண்டும். அப்புரதங்களில் உள்ள குளூட்டாமிக் அமில அலகுகளோடு கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதிக்கு இந்த வைட்டமின் துணைநிற்கிறது. அச்சேர்க்கை நடந்தால்தான் அப்புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு காயம்பட்ட இடத்தில் ஒட்டி வேலைசெய்ய முடியும். வைட்டமின் கிடைக்காதபோதும் கல்லீரல் அப்புரதங்களை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கும். அவை இரத்தத்தில் சுற்றிவரும், ஆனால் உறைதலுக்கு உதவமாட்டா. உறைதலைக் கட்டுக்குள் வைக்கும் சி, எஸ் என்னும் புரதங்களும், எலும்பில் உள்ள ஆஸ்டியோகால்சினும் இதே வைட்டமினைச் சார்ந்திருக்கின்றன என்றாலும், குறைபாடு முதலில் தன்னை வெளிக்காட்டுவது இரத்தப்போக்காகத்தான்.

பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு உணவால் மட்டும் வருவது அரிது. பசலை, முருங்கை போன்ற கீரைகளிலிருந்து கே1 வகை கிடைக்கிறது. குடல் நுண்ணுயிரிகள் கே2 வகையை உண்டாக்குகின்றன. கல்லீரலோ ஒருமுறை பயன்படுத்திய வைட்டமினை மீட்டெடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே பெரியவர் ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அதன் பின்னால் வேறொரு காரணம் இருக்கும். வைட்டமின் கே கொழுப்பில் கரையக்கூடியது. குடல் அதை உறிஞ்சப் பித்தநீர் தேவை. ஆகவே பித்தநாள அடைப்பு, கணையக் கோளாறு, சீலியாக் நோய் போன்றவற்றில் அது உடலில் சேராது. பல நாள் உணவின்றி, எதிர்நுண்ணுயிரி மருந்துகளை மட்டும் பெற்றுக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்கும் இது குறையலாம். வார்ஃபரின் மருந்தோ, பயன்படுத்திய வைட்டமினை மீட்டெடுக்கும் நொதியைத் தடுப்பதன் மூலமே இரத்தம் உறைவதைக் குறைக்கிறது.

குழந்தையின் நிலை வேறு. தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடி வழியே இந்த வைட்டமின் மிகக் குறைவாகவே கடந்து செல்கிறது. பிறக்கும்போது கல்லீரலில் சேமிப்பென்று சொல்லத்தக்க அளவு இருப்பதில்லை. தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மைக்ரோகிராம்வரைதான் அது உண்டு. சத்துச் சேர்க்கப்பட்ட புட்டிப்பால் மாவுகளில் அது இதைப்போலப் பல மடங்கு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் குடலில் குடியேறும் நுண்ணுயிரிகளும் இந்த வைட்டமினைப் பெரிதாக உற்பத்தி செய்பவை அல்ல. தாய் வழக்கத்தைவிட அதிகமாகக் கீரை உண்டாலும் பாலில் உள்ள அளவு குழந்தையைக் காக்கப் போதுமான அளவுக்கு உயர்வதில்லை. இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலின் மீது யாரும் குறை காண வேண்டியதில்லை. எல்லா வகையிலும் சிறந்த அந்த உணவில் இந்த ஒரு சத்து மட்டும் குறைவு. அந்தக் குறையை ஒரே ஊசி நிரப்பிவிடுகிறது.

பச்சிளம் குழந்தைகளுக்கு ஏற்படும் இந்த இரத்தப்போக்கை, அது தொடங்கும் காலத்தை வைத்து மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் கருவுற்ற காலத்தில் தாய் எடுத்துக்கொண்ட மருந்துகளால், குறிப்பாகச் சில வலிப்பு மருந்துகள், காசநோய் மருந்துகள், வார்ஃபரின் ஆகியவற்றால் வருவது. இரண்டாம் நாள் முதல் முதல் வாரம் முடியும்வரை வருவது தொப்புளிலிருந்தும் மூக்கிலிருந்தும் குடலிலிருந்தும் கசிவதாகக் காணப்படும். ஊசி போடாத குழந்தைகளில் இது 0.25 முதல் 1.7 விழுக்காட்டினருக்கு ஏற்படுகிறது. மூன்றாவது வகை தாமதமாக வருவது. இரண்டாம் வாரத்துக்குப் பின், பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள், அதுவரை கொழுகொழுவென்று வளர்ந்துவந்த குழந்தைக்குத் திடீரென வரும். மூன்றில் இதுவே அரிதானது, இதுவே மிகக் கொடியதும்கூட, ஏனெனில் இவ்வகையில் பாதிக்கு நெருக்கமானோருக்கு இரத்தம் கசிவது மூளையில். நாஷ்வில்லின் நான்கு குழந்தைகளுக்கும் ஏற்பட்டது இந்த மூன்றாவது வகை.

1961இன் பரிந்துரையும் 1992இன் ஐயமும்

பிறந்த சில நாட்களில் காரணமின்றி இரத்தம் கசியும் குழந்தைகளைப் பற்றி, பாஸ்டன் மருத்துவர் சார்லஸ் டவுன்சென்ட் 1894இலேயே எழுதியிருந்தார். அதற்கான காரணம் கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. கோபன்ஹேகனில் கொழுப்பு நீக்கிய தீவனத்தில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தப்போக்கு ஏற்படுவதைக் கவனித்த ஹென்ரிக் டாம், அதைத் தடுக்கும் புதிய வைட்டமின் ஒன்று இருப்பதாக 1935இல் அறிவித்தார். அதன் வேதியியல் அமைப்பைக் கண்ட எட்வர்ட் டாய்சியும் அவரும் 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் வைட்டமின் கே கொடுக்கப் பரிந்துரைத்தது. அன்றிலிருந்து அந்நாட்டு மகப்பேறு மருத்துவமனைகளில் அது வழக்கமாயிற்று.

தசையில் போடப்படும் இந்த ஊசியின் தனிச்சிறப்பு, மருந்தின் ஒரு பகுதி அங்கேயே தங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இரத்தத்தில் கலப்பதில் இருக்கிறது. ஒருமுறை வாய்வழி கொடுக்கப்படும் சொட்டு மருந்து முதல் வார இரத்தப்போக்கைத் தடுத்துவிடும். ஆனால் ஆறாவது, பத்தாவது வாரங்களில் வரும் ஆபத்துவரை அது தாங்குவதில்லை.

1992இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள், தசை ஊசி பெற்ற குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய், குறிப்பாக இரத்தப் புற்றுநோய், வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐயம் எழுப்பப்பட்டால் அதைச் சோதிப்பதுதான் அறிவியலின் முறை. அது உடனே சோதிக்கவும்பட்டது. ஸ்வீடனில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்விலும், அதே ஆண்டு அமெரிக்காவில் 54 ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்விலும், பின்னர் வந்த பெரிய ஆய்வுகளிலும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. ஆனாலும் இடையில் சில ஐரோப்பிய நாடுகள் வாய்வழி மருந்துக்கு மாறின, அதன் விளைவுகளும் தெரியவந்தன. நெதர்லாந்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு நாள்தோறும் 25 மைக்ரோகிராம் கொடுக்கும் முறை, பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட குழந்தைகளைக் காக்கத் தவறியது. குடல் உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். இக்குழந்தைகளிடம் இல்லாததும் அதுவே.

அறிவியல் ஏடுகளில் இந்த ஐயம் பத்தாண்டுகளில் தீர்ந்துபோனது. பெற்றோரின் மனத்திலிருந்து அது போகவில்லை என்பதை நாஷ்வில் காட்டியது.

கவனிக்கப்பட்டவை

நான்கு குழந்தைகளும் ஒரே நாளில் வந்தவர்களல்லர்; எட்டு மாதங்களில் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். பல மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் நேரில் காணாத நோய் ஒரே மருத்துவமனைக்கு இத்தனை நெருக்கத்தில் வந்ததே முதல் எச்சரிக்கை.

தாமத வகை இரத்தப்போக்கின் அறிகுறிகள் தொடக்கத்தில் வேறு பல நோய்களின் அறிகுறிகளை ஒத்திருக்கின்றன என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் காலம் கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான். பால் குடிக்க மறுத்தல், அளவுக்கு மீறிய தூக்கம், வாந்தி, காரணமில்லாத வீறிடல், உடல் வெளிறுதல் ஆகியவை முதலில் தோன்றும். பின்னர் உச்சிக்குழி புடைத்துக்கொள்ளும், வலிப்பு வரும். எந்தக் குழந்தை மருத்துவரும் இந்த அறிகுறிகளைப் பார்த்தவுடன் முதலில் நினைப்பது இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று அல்லது மூளைக்காய்ச்சல். அந்த நினைப்பில் தவறில்லை. ஆனால் மூளைக்காய்ச்சலை உறுதிசெய்ய முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் சோதனை, இரத்தம் உறையாத குழந்தைக்கு அதுவே ஒரு புதிய ஆபத்து. மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கியிருப்பது படத்தில் தெரிந்தபின் எழும் அடுத்த ஐயம், யாரேனும் குழந்தையை வேகமாகக் குலுக்கினார்களா, அடித்தார்களா என்பது. பெற்றோரின் மீது அந்த ஐயம் விழுவதற்கு முன் இரத்த உறைவுச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

பெரிய கசிவுக்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பாக, பலருக்குச் சிறிய எச்சரிக்கைக் கசிவுகள் வருகின்றன. மூக்கிலிருந்து ஓரிரு துளி, உதிர்ந்த தொப்புளில் மீண்டும் ஈரமாக இரத்தம், விழாத இடத்தில் கன்றிப்போன தழும்பு. ஊசி போடாத குழந்தையிடம் இவற்றில் எதுவும் சாதாரணமல்ல.

நோயறிதலும் சிகிச்சை முடிவுகளும்

இந்த நிகழ்வில் நோயை உறுதிப்படுத்த வகுக்கப்பட்ட அளவுகோல் கண்டிப்பானது. புரோத்ராம்பின் நேரம், அதாவது இரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கும் அடிப்படைச் சோதனை, ஆய்வகத்தின் இயல்பளவைப்போல் குறைந்தது நான்கு மடங்காக இருக்க வேண்டும். வைட்டமின் கே கொடுத்தபின் அது சரியாக வேண்டும். குழந்தைக்கு இரத்தப்போக்கும் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனை ஏன் முதலிடம் பெறுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் கே சார்ந்த காரணிகளில் 7ஆம் காரணியே மிக விரைவாக அழிந்து புதுப்பிக்கப்படுவது. சில மணி நேரத்திலேயே அதன் அளவு பாதியாகிவிடும். அதனால் குறைபாடு முதலில் தெரிவது அக்காரணியை அளக்கும் புரோத்ராம்பின் நேரத்தில். குறைபாடு முற்றியபின் மற்றோர் உறைவுச் சோதனையான ஏ.பி.டி.டி.யும் நீளும். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும், உறைதலுக்கு வேண்டிய மற்றொரு புரதமான ஃபைப்ரினோஜென் அளவும் இயல்பாகவே இருக்கும். தொற்றினால் உடலெங்கும் உறைவுச் சீர்குலைவு ஏற்பட்டிருந்தால் அவை இரண்டும் சரிந்திருக்கும். பிறவியிலேயே இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாக இருந்தால் புரோத்ராம்பின் நேரம் கெடாமல் இருக்கும். ஒரே குழாய் இரத்தத்தில் பல நோய்களைப் பிரித்தறிந்துவிடலாம் என்பதால், தளர்ந்துபோய் வரும் சிறு குழந்தைக்கு இச்சோதனையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

சிகிச்சையில் முடிவெடுக்கும் வரிசை முக்கியமானது. ஐயம் எழுந்தவுடன், முடிவுகளுக்குக் காத்திராமல், சிரைவழியே மெதுவாக வைட்டமின் கே செலுத்தப்படுகிறது; மாதிரி இரத்தத்தை மட்டும் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இரத்தப்போக்கு இருக்கும்போது தசையில் ஊசி போடுவதில்லை, போட்டால் அந்த இடத்திலும் இரத்தம் கட்டும். வைட்டமின் கே கிடைத்தபின் கல்லீரல் புதிய காரணிகளை உருவாக்கிச் சில மணி நேரத்தில் உறைவு திருந்தத் தொடங்குகிறது. ஆனால் மூளையில் கசிவு இருக்கும்போது அந்தச் சில மணி நேரமும் நீண்ட காலம்தான். எனவே தயார்நிலையில் உள்ள காரணிகளைக் கொண்ட பிளாஸ்மாவோ செறிவூட்டிய உறைகாரணிகளோ உடன் ஏற்றப்படுகின்றன. மண்டையோட்டைத் திறந்து தேங்கிய இரத்தத்தை அகற்ற வேண்டிய நிலை வந்தாலும், உறைவு திருந்தாமல் அறுவை மருத்துவர் கத்தியை எடுக்க முடியாது.

இக்குழந்தைகளைக் கவனித்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2014இல் வெளியிட்ட விரிவான பதிவு, அந்த எட்டு மாதங்களில் மொத்தம் ஏழு குழந்தைகளிடம் வைட்டமின் கே குறைபாடு கண்டறியப்பட்டதையும், மண்டையோட்டுக்குள் கசிவு ஏற்பட்டவர்களில் இருவருக்கு அவசர மூளை அறுவை தேவைப்பட்டதையும் தெரிவிக்கிறது.

விசாரணை: இத்தனை ஆண்டுகள் இல்லாதது இப்போது ஏன்?

டென்னசி மாநிலச் சுகாதாரத் துறையின் வேண்டுகோளின்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், அதாவது சி.டி.சி., விசாரணையில் இறங்கியது. உண்மையிலேயே நோய் கூடியிருக்கிறதா, ஊசி போடாததைத் தவிர வேறு ஏதேனும் காரணம் இக்குழந்தைகளுக்குப் பொதுவாக இருந்ததா, பெற்றோர் என்ன அறிந்திருந்தார்கள் ஆகியவையே அவர்கள் விடை தேடிய கேள்விகள்.

முதல் கேள்விக்கு மாநிலத்தின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தார்கள். 2007 முதல் 2012 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 4 லட்சத்து 90 ஆயிரம் பிறப்புகளில் இந்நோய் ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை. ஆக, 2013இல் நான்கு என்பது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று.

ஊசி எத்தனை குழந்தைகளுக்குப் போடப்படாமல் விடப்படுகிறது என்று தேடியபோது வெளிப்பட்ட இடைவெளி கவலைக்குரியது. நாஷ்வில் வட்டார மருத்துவமனைகளில் மறுப்பு மிக அதிகமாக இருந்த இடத்திலேயே அது 3.4 விழுக்காடுதான். மருத்துவமனைக்கு வெளியே இயங்கும் மகப்பேறு மையங்களிலோ 28 விழுக்காடு, அதாவது நான்கில் ஒரு குழந்தைக்கும் மேல்.

இந்த எண்களோடு வேறிரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடுப்பு ஊசி இல்லாத நிலையில் தாமத வகை இரத்தப்போக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 4.4 முதல் 7.2 பேருக்கு வருவதாக மதிப்பீடு. ஆசிய நாடுகள் சிலவற்றில் இதைவிட அதிகமாகவே பதிவாகியிருக்கிறது. ஊசி பெறாத குழந்தைக்கு இந்த ஆபத்து, பெற்ற குழந்தையைப்போல் 81 மடங்கு. முதல் எண்ணை மட்டும் கேட்கும் பெற்றோருக்கு, லட்சத்தில் ஏழு என்பது தம் குழந்தையைத் தொடாத தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஏழு பேரில் பாதிக்கு நெருக்கமானோருக்கு வருவது மூளையில் கசிவு என்பதும், அதைத் தடுப்பதற்குச் செலவாவது ஒரு கண நேர வலி என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டியவை.

பெற்றோர் என்ன அறிந்திருந்தார்கள்

மறுத்ததற்குப் பெற்றோர் கூறிய காரணங்கள் மூன்று. ஊசியால் இரத்தப் புற்றுநோய் வரும் என்ற அச்சம். அது தேவையற்றது என்ற எண்ணம். பிறந்த குழந்தையின் உடலில் நச்சுப் பொருள்கள் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம். மூன்றும் குழந்தையின் நலனை நினைத்தே எழுந்தவை. இவர்கள் அக்கறையற்ற பெற்றோர் அல்லர், கேட்டும் படித்தும் யோசித்தும் முடிவெடுத்தவர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இத்தகைய நிகழ்வுகளைக் கேட்கும்போது பெற்றோரைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுவதும், அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்த சூழல் அப்படியே இருந்துவிடுவதும்தான்.

விசாரணை கண்டறிந்தவற்றில் மிக முக்கியமானதாக நான் கருதுவது வேறு. மறுத்த நேரத்தில், தாமத இரத்தப்போக்கின் ஆபத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தது அரைகுறையாக இருந்தது, அல்லது எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஊசியினால் வரக்கூடியதாகச் சொல்லப்பட்ட தீங்கு அவர்கள் கண்முன் பெரிதாக நின்றது; ஊசி போடாததால் வரக்கூடிய தீங்கு ஒரு பெயராகக்கூட அவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் செய்தது ஒப்பீடே அல்ல, ஏனெனில் தராசின் ஒரு தட்டு காலியாகவே இருந்தது.

அது காலியாக இருந்ததற்கு நோயின் அரிய தன்மையும் காரணம். அரை நூற்றாண்டாக ஊசி தன் வேலையைச் செய்துவந்ததால், மூளைக் கசிவோடு ஒரு கைக்குழந்தையைப் பார்த்த உறவினரோ அண்டை வீட்டாரோ யாரிடமும் இல்லை. பிரசவம் பார்க்கும் பலரும்கூட அதைப் பார்த்ததில்லை. 'கே ஊசி போடட்டுமா?' என்று கேட்கும் செவிலியருக்கும் அது எதைத் தடுக்கிறது என்று விவரித்துச் சொல்ல நேரமோ பயிற்சியோ இல்லாதபோது, அந்தக் கேள்வி பெற்றோரின் காதில் ஒரு சடங்காகவே விழுகிறது. தடுப்பூசிகளோடு சேர்த்து ஒரே மூச்சில் கேட்கப்படும்போது அதுவும் தடுப்பூசி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது தடுப்பூசி அன்று. உடலில் குறைவாக உள்ள ஒரு சத்து.

விளைவு

நான்கு குழந்தைகளும் உயிர் பிழைத்தார்கள். உணவுப்பாதையில் கசிவு ஏற்பட்ட குழந்தை முழுமையாகக் குணமடைந்தது. மண்டையோட்டுக்குள் கசிவு ஏற்பட்ட மூவரும் நரம்பியல் மருத்துவர்களின் தொடர் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள்; அறிக்கை வெளியான நேரத்திலேயே அவர்களில் ஒருவரிடம் கைகால் இயக்கத்தில் குறை புலப்பட்டது. மற்றவர்களின் கற்றல், பேச்சு ஆகியவற்றில் பாதிப்பு இருக்குமா என்பது அந்த வயதில் சொல்லக்கூடியதன்று. தாமத வகையில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்பதை நினைத்தால், நால்வரும் பிழைத்தது உரிய சிகிச்சை விரைவாகக் கிடைக்கும் ஓரிடத்துக்கு அவர்கள் வந்துசேர்ந்ததால் கிடைத்த பேறு.

2013 நவம்பர் 15 அன்று சி.டி.சி. தன் வாராந்தர ஏட்டில் இதைச் சுருக்கமாகப் பதிவுசெய்தது. 2022இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் பரிந்துரையைப் புதுப்பித்தது: 1500 கிராமுக்கு மேல் எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தசையில் 1 மில்லிகிராம், அதற்குக் குறைந்த எடையினருக்கு எடைக்கேற்ற சிறிய அளவு. பெற்றோரின் தயக்கத்தை மருத்துவர்கள் எதிர்பார்த்து, அதற்கு விடை சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்பதும் இப்போது அந்தப் பேச்சின் பகுதியாகிவிட்டது.

மாற வேண்டியவை

ஊசி பற்றிய பேச்சு பிரசவ அறைக்கு உரியதல்ல. வலியிலும் களைப்பிலும் இருக்கும் தாயிடமும், பதற்றத்தில் இருக்கும் தந்தையிடமும் அப்போது கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் நிதானமான விடை வராது. ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே, இந்த ஊசி போடாவிட்டால் ஆறாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும் என்ன நேரலாம் என்பதை 'மூளையில் இரத்தக்கசிவு' என்ற சொல்லை மழுப்பாமல் சொல்லிப் பேச வேண்டும். புற்றுநோய் அச்சத்தைக் கேலி செய்யாமல், அது எங்கிருந்து வந்தது, எப்படிச் சோதிக்கப்பட்டது, என்ன தெரியவந்தது என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். வீட்டில் பிரசவம் வேண்டும் என்று விரும்புவோரிடமும், மருத்துவமனைக்கு வெளியே உள்ள மையங்களை நாடுவோரிடமும் இந்தப் பேச்சு கட்டாயம் நடந்தாக வேண்டும், ஏனெனில் நாஷ்வில்லில் இடைவெளி பெரிதாக இருந்தது அங்கேதான்.

இந்தியாவிலும் இதற்கென நெறிமுறை இருக்கிறது. 2014இல் தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் வெளியான செயல்முறை வழிகாட்டுதல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும், 1000 கிராமும் அதற்கு மேலும் எடையிருந்தால் 1 மில்லிகிராம், குறைவாக இருந்தால் 0.5 மில்லிகிராம், தொடையின் முன்வெளிப் பக்கத் தசையில் 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவ நிலையங்களிலேயே நடப்பதால், பெற்றோர் அறியாமலேயே இந்த ஊசி போடப்பட்டு விடுகிறது. அது நல்லதுதான். எனினும் போடப்பட்டதா என்பதை வீடு திரும்பும்போது தரப்படும் அட்டையில் பார்த்துத் தெரிந்துகொள்வதும், அதில் குறிக்கப்படாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுவதும் பெற்றோரின் உரிமை.

அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் மாற வேண்டியது ஒரே ஒரு கேள்வி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை தளர்வோடும் வாந்தியோடும் வெளிறலோடும் வரும்போது, 'பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா?' என்பது, தடுப்பூசி விவரத்துக்கும் பால் குடிக்கும் விவரத்துக்கும் இணையாக, முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கப்பட வேண்டும். 'இல்லை' என்றோ 'தெரியவில்லை' என்றோ பதில் வந்தால், முதுகுத்தண்டு நீர் எடுப்பதற்கு முன் புரோத்ராம்பின் நேரம் பார்க்கப்பட வேண்டும்.

ஊசி போட்ட குழந்தைகளிலும் ஒரு சிறு பிரிவினர் கவனிப்புக்கு உரியவர்கள். இரண்டு வாரங்களுக்குப் பின்னும் காமாலை தணியாமல், மலம் வெளிறி, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும் குழந்தைக்குப் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம்; அதற்கு வைட்டமின் கே மீண்டும் மீண்டும் தேவைப்படும். அடைப்பை நீக்கும் அறுவையும் காலம் தாழ்த்தாமல் நடந்தால்தான் பலன் தரும். எல்லாம் சொன்னபின்னும் ஊசி வேண்டாமென்று உறுதியாக நிற்கும் குடும்பம் இருந்தால், அந்த மறுப்பைக் குழந்தையின் பதிவில் எழுதிவைக்க வேண்டும். வாய்வழி மருந்து ஒரே முறையோடு முடிவதல்ல என்பதையும், தவறாமல் பல வேளை கொடுக்க வேண்டியது என்பதையும் விளக்க வேண்டும். எச்சரிக்கைக் கசிவுகளைப் பற்றித் தாளில் எழுதிக் கையில் கொடுத்து, அவற்றில் எது தென்பட்டாலும் மறுநாள்வரை காத்திராமல், இரத்த உறைவுச் சோதனை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே வந்து, ஊசி போடவில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும்.